புஸ்வாணப் பொறி படத்தில் ஏன் வெளுக்கிறது? பொன்னிறத்தைப் பிடிக்க என்ன செய்வது?

கேள்வி இது: தண்டையார்பேட்டையில் மொட்டை மாடி. தீபாவளிக்குப் புஸ்வாணமும் கம்பி மத்தாப்பும் கொளுத்திப் படம் எடுக்கிறார்கள். கண்ணுக்குத் தங்கமாகத் தெரியும் பொறி, படத்தில் வெள்ளைப் பஞ்சு உருண்டையாக வருகிறது. போனிலும் அதே கதை, கேமராவிலும் அதே கதை. எந்த மத்தாப்பு வாங்குவது, என்ன செட்டிங் வைப்பது?

பெரும்பாலும் மத்தாப்பின் மேல் தப்பில்லை. வெளிச்சம் அளவுக்கு மீறி உள்ளே போகிறது, கூடவே ஆட்டோ ஒயிட் பேலன்ஸ், அதாவது எது வெள்ளை என்று கேமரா தானே முடிவுசெய்யும் வசதி, பொன்னிறத்தை "சரிசெய்து" வைக்கிறது. கேமராவை, அளவுகளை நாமே வைக்கும் மேனுவலுக்கு மாற்றி அப்பர்ச்சர் எஃப் 8, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் அரை நொடி, ஒயிட் பேலன்ஸ் 5500 கெல்வின் என்று வைத்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். வித்தியாசம் உடனே தெரியும். (அப்பர்ச்சர் என்பது லென்ஸின் திறப்பு, எஃப் எண் கூடக்கூட அது சுருங்கும். ஷட்டர், வெளிச்சம் உள்ளே விழும் நேரம். ஐஎஸ்ஓ, அந்த வெளிச்சத்தை வாங்கும் சென்சார் அதை எவ்வளவு பெருக்கிக் காட்டும் என்ற அளவு. கெல்வின், சூட்டையும் வெளிச்சத்தின் நிறத்தையும் சொல்லும் அலகு.) அவசரமென்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் காரணம் தெரிந்தால் எந்தப் பட்டாசு வந்தாலும் செட்டிங்கை நீங்களே மாற்றிக்கொள்வீர்கள்.

பொறி என்பது எரிந்துகொண்டே பறக்கும் சின்னத் துகள். கரித்தூள் சுமார் ஆயிரம் டிகிரியை ஒட்டிய சூட்டில் கனன்று செம்மஞ்சளாகத் தெரியும். இரும்புத்தூள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு எரிந்து அதைவிட நன்றாகச் சூடேறும். பொன்னிறம் தருவது இதுதான். அலுமினியமும் மெக்னீசியமும் இன்னும் அதிகச் சூட்டில் எரிவதால் வெள்ளி. ஆக, பொன்னிறம் என்பது சாயமல்ல, ஒரு சூட்டின் நிறம். மெழுகுவத்திச் சுடர் சுமார் 1900 கெல்வின், பழைய குண்டு பல்பு 2700 கெல்வின். நம் கண்ணுக்குப் பொன்னாகப் படுவது ஏறக்குறைய இந்த எல்லைக்குள்தான்.

கம்பி மத்தாப்பில் பொறி பாதி வழியில் வெடித்து நட்சத்திரமாகக் கிளைக்கிறதே, அது இரும்பிலுள்ள கார்பனின் வேலை. உருகிய துளிக்குள் கார்பன் எரிந்து வாயுவாகி, துளியைச் சிதறடிக்கிறது. கார்பன் குறைந்த இரும்பாக இருந்தால் கிளைக்காமல் நீளக் கோடாக ஓடி அணையும்.

இனி, வெளுப்பது எப்படி? கேமரா எந்த நிறத்தையும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகத்தான் அளக்கும். மெட்ரோ வாட்டர் லாரிக்குக் கீழே மூன்று குடம் வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்: சிவப்பு, பச்சை, நீலம். பொன்னிற வெளிச்சத்தில் சிவப்புக் குடத்துக்குக் குழாய் முழுசாகத் திறந்திருக்கிறது, பச்சைக்குப் பாதி, நீலத்துக்குச் சொட்டு. சீக்கிரம் குழாயை மூடினால் மூன்றிலும் மூன்று அளவு தண்ணீர். அந்த விகிதம்தான் பொன்னிறம். மூடாமல் விட்டால் சிவப்பு நிரம்பி வழியும், பச்சை அதை எட்டிப் பிடிக்கும். இப்போது நிறம் வெறும் மஞ்சள். இன்னும் விட்டால் நீலமும் நிரம்பிவிடும், மூன்றும் ஒன்று, நிறம் வெள்ளை. வழிந்துபோன தண்ணீரை எந்த ஆப்பாலும் திரும்ப அள்ள முடியாது. அதனால்தான் "எடுத்துவிட்டு எடிட்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்பது இந்த விஷயத்தில் பலிக்காது.

வெளிச்சம் அதிகம் என்றதும் எல்லோரும் ஷட்டரைக் குறைப்பார்கள். இங்கேதான் சறுக்கல். ஓடுகிற பொறிக்கு ஷட்டர் கிட்டத்தட்டப் பொருட்டே இல்லை. ஒரு பொறி சென்சாரின் ஒரு புள்ளியைக் கடந்து போக எடுக்கும் நேரம் நொடியில் மிகச் சிறிய பங்கு. கடந்த பிறகு நீங்கள் ஷட்டரை ஒரு நொடி திறந்து வைத்தாலும் பத்து நொடி திறந்து வைத்தாலும் அந்தப் புள்ளியில் அந்தப் பொறியின் வெளிச்சம் மேற்கொண்டு விழப்போவதில்லை. கோட்டின் பிரகாசத்தைத் தீர்மானிப்பது அப்பர்ச்சரும் ஐஎஸ்ஓவும். ஷட்டர் தீர்மானிப்பது இரண்டு: கோடு எவ்வளவு நீளம், எத்தனை கோடு. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடும் பொறி 1/30 நொடியில் 17 சென்டிமீட்டர் கோடு போடும். 1/4 நொடி கொடுத்தால், அதற்குள் அணையாமல் இருந்தால், ஒரு மீட்டரைத் தாண்டும்.

ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. எரியும் இடம், அதாவது புஸ்வாணத்தின் வாய், மத்தாப்பின் நுனி, நகராது. அங்கே ஷட்டர் கூடக்கூட வெளிச்சம் குவியும். ஒன்றன்மேல் ஒன்றாகக் கோடுகள் விழும் இடத்திலும் அதே கதிதான். பஞ்சு உருண்டை என்று நீங்கள் சொல்வது இந்த இரண்டும் சேர்ந்தது. ஆக, கோடு வெளுத்தால் அப்பர்ச்சரைச் சுருக்குங்கள், நடு மட்டும் வெளுத்தால் ஷட்டரைக் குறையுங்கள். நுனி கொஞ்சம் வெளுத்திருப்பது தப்பில்லை. நேரில் பார்க்கும்போதும் அது வெள்ளையாகத்தான் கூசுகிறது.

அதை வைத்து ஒவ்வொன்றுக்கும் தொடக்க அளவு சொல்லிவிடலாம். கையை அசைக்காமல் பிடித்த கம்பி மத்தாப்பில் கிளை கிளையாக நட்சத்திரம் வேண்டுமென்றால் எஃப் 8, ஐஎஸ்ஓ 100, 1/30 முதல் 1/15 நொடி. அதற்கு மேல் போனால் நட்சத்திரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மறைந்துவிடும். புஸ்வாணத்துக்கு எஃப் 11, கால் நொடி முதல் ஒரு நொடி வரை. பற்றியவுடன் அமுக்காதீர்கள், பொறி குடைபோல விரிந்து நிலைத்த பிறகு வரிசையாக நான்கைந்து எடுங்கள், அடங்கும்போது இரண்டு எடுங்கள். அடங்கும் நேரத்தில் பொறி குறைவு, ஒவ்வொரு கோடும் தனித்தனியாகத் தெரியும். பல சமயம் அதுதான் நல்ல படமாக அமையும். சங்குசக்கரத்துக்கு எஃப் 11, அரை நொடி, கேமராவைத் தோள் உயரத்திலிருந்து சாய்த்து. தரை மட்டத்தில் வைத்தால் வட்டம் தெரியாது, ஒரு கோடுதான் தெரியும். இவையெல்லாம் தொடக்கம்தான், முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து ஒரு ஸ்டாப் (வெளிச்சத்தை இரட்டிப்பதோ பாதியாக்குவதோ ஒரு ஸ்டாப்) ஏற்றவோ இறக்கவோ செய்யுங்கள். படத்தின் வெளிச்சத்தை வரைந்து காட்டும் ஹிஸ்டோகிராமில் மொத்த வெளிச்சத்தைப் பார்க்காமல் சிவப்பைத் தனியாகப் பாருங்கள். மொத்தம் ஒழுங்காக இருக்கும்போதே சிவப்பு முட்டி நிற்கும்.

ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவில் இருந்தால் கேமரா பொன்னிறத்தை ஒரு குறையாக எண்ணி, நீலம் கலந்து வெள்ளையாக்கப் பார்க்கும். படத்துக்குப் படம் நிறமும் மாறும். பகல் வெளிச்சம் என்ற குறியிலோ 5200 முதல் 5600 கெல்வின் வரையிலோ பூட்டிவிடுங்கள். பல்பு குறி வேண்டவே வேண்டாம். அது 3200 கெல்வினை ஒட்டியது, இரும்புப் பொறியை வெள்ளிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும். 6500க்கு மேல் ஏற்றினால் செங்கல் நிறம்.

போன் விஷயம் வேறு. பெரும்பாலான போன்களில் அப்பர்ச்சரை மாற்ற முடியாது, எஃப் 1.8 அளவில் நிலையாகத் திறந்தே இருக்கும். அது எஃப் 8ஐவிட நான்கு ஸ்டாப்புக்கு மேல் அதிக வெளிச்சம். ப்ரோ மோடில் (போனில் மேனுவலுக்கு இதுதான் பெயர்) ஐஎஸ்ஓவை 50க்கு இறக்கினாலும் ஒரு ஸ்டாப்தான் குறையும். கேமரா கடைகளில் போனில் கவ்வும்படி என்டி ஃபில்டர், அதாவது வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் கறுத்த கண்ணாடி, கிடைக்கும். என்டி 8 என்று கேட்டு வாங்குங்கள், அது மூன்று ஸ்டாப்பைக் குறைக்கும். ஐஎஸ்ஓ 50ம் என்டி 8ம் சேர்ந்தால் கேமராவில் எஃப் 7, ஐஎஸ்ஓ 100 வைத்த கணக்கு வந்துவிடும். ஃபில்டர் இல்லாதவர்கள் தள்ளி நின்று எடுங்கள், முழுப் புஸ்வாணமும் படச் சட்டத்துக்குள் இருக்கட்டும். நைட் மோடை அணைத்துவிடுங்கள். அது பல படங்களை அடுக்கி ஒன்றாக்குவதால் பொறிக்கோடு துண்டு துண்டாக வரும், இரட்டையாகவும் வரும். வெளிச்சம் கூடியதும் குறைந்ததுமான படங்களைச் சேர்க்கும் எச்டிஆரும் வேண்டாம்.

பட்டாசு வாங்குவது பற்றி. புஸ்வாணத்தில் பெரியது, ஸ்பெஷல், அசோகா என்று வருபவை பொதுவாகப் பொன்னும் வெள்ளியும் கலந்த பொறி. கலர் கோட்டி என்பது பெயரிலேயே கலர், நீங்கள் தேடுவது அதுவல்ல. கம்பி மத்தாப்பில் 'எலக்ட்ரிக்' என்று பெட்டியில் போட்டிருப்பது சாதாரணப் பொறி மத்தாப்பு. ரெட், கிரீன் பெட்டிகளில் சுடர் நிறத்துக்கு முக்கியத்துவம், பொறி கம்மி. 10 சென்டிமீட்டரைவிட 30 சென்டிமீட்டர் படத்துக்கு உகந்தது. எரியும் நேரம் அதிகம், கையும் பொறியிலிருந்து தள்ளி இருக்கும். எல்லாப் பெட்டியிலும் ஒன்றைக் கொளுத்திப் பார்த்து, எது நிறைய வெள்ளி, எது நிறையப் பொன் என்று குறித்துவைப்பதுதான் நம்பகமான வழி. 2018ல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தது. பேரியம் பச்சை நிறத்துக்கு உரியது; பொன்னிறம் இரும்பிலிருந்தும் கரியிலிருந்தும் வருவதால், மாசு குறைவாக வரும்படி செய்த பசுமைப் பட்டாசிலும் பொன்னுக்குப் பஞ்சமில்லை. தீவுத்திடலில் வாங்கினாலும் தெருமுனைக் கடையில் வாங்கினாலும் பெட்டியில் பசுமைப் பட்டாசுக் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

போன வருஷ மிச்சத்தை நம்ப வேண்டாம். கடற்கரைக் காற்றும் ஐப்பசி மழையும் சேர்ந்த ஊர் இது. ஈரம் பட்டால் இரும்புத்தூள் துருப்பிடிக்கும். துரு என்பது ஏற்கெனவே ஆக்சிஜனோடு சேர்ந்துவிட்ட இரும்பு, மறுபடி எரிந்து பொறியாகாது. அதனால்தான் பழைய மத்தாப்பு மங்கலாக, சிவப்பாக, அரைகுறையாக எரிகிறது. நமத்துப்போனதை அடுப்பருகே, தோசைக்கல்லில், இஸ்திரிப் பெட்டியால் காயவைப்பவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரில் முழுக ஊறவைத்துவிட்டு, மறுநாள் ஒதுக்குங்கள்.

அதே போல, புஸ்வாணத்தைப் பிரித்து இரும்புத்தூள் கூடுதலாகச் சேர்த்தால் பொன்னிறம் கூடுமா என்ற கேள்வியும் அவ்வப்போது வரும். கெட்டியாக அமுக்கிய மருந்து மேலிருந்து கீழாக அடுக்கடுக்காக எரிவதால்தான் அது புஸ்வாணம். நொறுங்கினாலோ விரிசல் விட்டாலோ தீ உள்ளே புகுந்து மொத்தமும் ஒரே நேரத்தில் எரியும், அழுத்தம் ஏறி வெடிக்கும். மருந்து உரசும்போதே பற்றவும் கூடும். உரிமம் இல்லாமல் பட்டாசு தயாரிப்பது வெடிபொருள் சட்டப்படி குற்றமும்கூட. உங்களுக்குத் தேவையான பொன் பெட்டிக்குள் ஏற்கெனவே இருக்கிறது, கேமராதான் அதைத் தொலைக்கிறது.

நேரக் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். சமீப ஆண்டுகளில் தீபாவளியன்று தமிழக அரசு தரும் அனுமதி காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. ஐப்பசியில் சென்னையில் காலை 6 மணிக்கே விடிந்துவிடும், அந்த வெளிச்சத்தில் பொறி சோகையாகத்தான் தெரியும். ஆக உங்களுக்கு இருப்பது இரவு ஒரு மணி நேரம். அதிலும் முதல் இருபது நிமிடம்தான் தங்கம். அதற்குப் பிறகு தெரு முழுக்கப் புகை மூட்டம், பின்னணி சாம்பலாகிவிடும். ஆறரைக்கே ட்ரைபாடை (கேமரா தாங்கும் முக்காலியை) நிறுத்தி, சோதனைப் படம் எடுத்து, ஃபோகஸ் பூட்டி, ஏழு மணிக்குத் தயாராக இருக்க வேண்டும்.

ஏசி அறையிலிருந்து கேமராவை நேராக மாடிக்குக் கொண்டுவந்தால் லென்ஸில் பனி படியும். துடைத்தாலும் மறுபடி படியும். பைக்குள்ளேயே வைத்து மூடி, இருபது நிமிடம் வெளியே விட்டுவிட்டுத் திறவுங்கள். காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடலை ஒட்டிய வீடுகளில் காற்றிலுள்ள உப்பு லென்ஸ் மேல் மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். பகலில் தெரியாது, பொறியை எடுத்தால் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் மங்கலான வளையம் வரும். மெல்லிய துணியால் துடைத்து, மேலே ஒரு சாதாரண யுவி ஃபில்டரைத் திருகுங்கள். உருகிய இரும்புத்துளி கண்ணாடியில் பட்டால் ஒட்டிக்கொண்டு வடுவாக நிற்கும். அது ஃபில்டரில் விழுந்தால் போனால் போகிறது.

ஃபோகஸுக்கு, புஸ்வாணம் வைக்கப்போகும் இடத்தில் ஒருவரை டார்ச்சோடு நிறுத்தி, அதில் ஃபோகஸ் செய்து, உடனே மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். ஆட்டோவில் விட்டால் பொறிக்குப் பொறி லென்ஸ் தேடிக்கொண்டே இருக்கும். சாதாரண டிஎஸ்எல்ஆரில், அதாவது ஏபிஎஸ்-சி சென்சாரில், 35 எம்எம் லென்ஸ், எஃப் 8, நான்கு மீட்டர் தூரம் என்றால் சுமார் 2.6 மீட்டரிலிருந்து 8 மீட்டர் வரை கூர்மையாக இருக்கும். குடை விரிந்தாலும் கவலையில்லை.

காற்றுக்கு எதிர்ப்பக்கம் நிற்காதீர்கள். அந்தப் பருவத்தில் இங்கே காற்று பெரும்பாலும் கிழக்கு, வடகிழக்கிலிருந்து, அதாவது கடலிலிருந்து வரும். கேமராவைத் தெற்கிலோ வடக்கிலோ வைத்தால் புகை படச் சட்டத்தைக் குறுக்கே கடந்து ஓடிவிடும், பொறியும் காற்றில் ஒரு பக்கம் சாய்ந்து வளையும். மேற்கில் நின்றால் புகையும் பொறியும் உங்கள் மேல்தான். பின்னணியில் எல்இடி தெருவிளக்கு வராத கோணமாகப் பாருங்கள். அதன் வெள்ளை பொன்னை அடித்துவிடும். கறுத்த தண்ணீர்த் தொட்டியோ வெளிச்சமில்லாத பக்கத்து வீட்டுச் சுவரோ போதும்.

குழந்தையின் முகமும் தெரிய வேண்டும், பொறியும் பொன்னாக இருக்க வேண்டும் என்பதுதான் எல்லோருடைய ஆசையும். ஐஎஸ்ஓவை ஏற்றினால் முகம் கிடைக்கும், பொன் போகும். மேலே சொன்ன கணக்கையே திருப்பிப் போடுங்கள். பொறி ஓடுகிறது, முகம் நிற்கிறது. ஐஎஸ்ஓ 100, எஃப் 8லேயே இருந்துகொண்டு ஷட்டரை மட்டும் அரை நொடிக்கு நீட்டினால் முகத்தில் வெளிச்சம் சேரும், கோடுகள் பிரகாசமாகாது, எண்ணிக்கைதான் கூடும். அரை நொடி ஆடாமல் நிற்கச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அது முடியாத வயதென்றால் மாடிப்படிக் கதவருகே 2700 கெல்வின் மஞ்சள் பல்பு ஒன்றைப் போட்டுவிடுங்கள். முகத்தில் விழும் அந்த மஞ்சள், பொறியின் நிறத்தோடு ஒத்துப்போகும். ஃப்ளாஷ் மட்டும் வேண்டாம், புகையில் பட்டுப் படம் முழுக்கப் பால் ஊற்றினாற்போல் ஆகும்.

மத்தாப்பால் காற்றில் எழுதுவதற்கு எஃப் 11, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 5 முதல் 8 நொடி. கை வேகம்தான் இங்கே அப்பர்ச்சர் மாதிரி. மெதுவாக இழுத்த இடம் வெள்ளை, வேகமாக இழுத்த இடம் பொன். 'அ' எழுதுபவர்கள் சுழியில் தயங்குவார்கள், அங்கே ஒரு வெள்ளைத் திட்டு விழும். ஒரே வேகத்தில் இரண்டு தடவை வெறும் கையால் ஒத்திகை பார்த்துவிட்டு எழுதச் சொல்லுங்கள். கேமராவைப் பார்த்து எழுதுவதால் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாக விழும். பிறகு போனிலேயே படத்தைத் திருப்பிக்கொள்ளலாம். இடவலம் மாற்றி எழுதப் பழக வேண்டியதில்லை.

இதையெல்லாம் தீபாவளி இரவில்தான் முதன்முதலாகச் செய்ய வேண்டும் என்றில்லை. கொருக்குப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் இரும்புப் பட்டறை ஒன்றில் கேட்டுக்கொண்டு, கிரைண்டிங் நடக்கும்போது பொறி பறக்கும் திசைக்குப் பக்கவாட்டில், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு நின்று எடுத்துப் பழகலாம். அதுவும் அதே இரும்பு, அதே சூடு, அதே பொன். கார்பன் குறைந்த மைல்ட் ஸ்டீல் நீளக் கோடாக ஓடும், அரம் செய்கிற உயர் கார்பன் இரும்பு கொத்துக் கொத்தாகக் கிளைக்கும். பித்தளையும் அலுமினியமும் பொறியே விடாது. கார்த்திகைக்குக் கிராமங்களில் சுற்றுகிற மாவலி இன்னொரு வகை: பனம்பூவைக் கரியாக்கி, பொடித்து, துணியில் கட்டிச் சுழற்றுவது. அதில் வெறும் கரி மட்டும் என்பதால் பொறி செம்மஞ்சள், மங்கல், ஆனால் நெடுநேரம் உயிரோடு பறக்கும். எஃப் 4 வரை திறக்கலாம். நெருக்கி நெருக்கி வீடு இருக்கும் நம் தெருக்களுக்கு அது ஒத்துவராது, வெட்டவெளி வேண்டும். இணையத்தில் பார்த்துவிட்டு ஸ்டீல் வுல்லை (மெல்லிய இரும்பு நாரை) பற்றவைத்துச் சுழற்றுவதும் அப்படியே. பக்கத்து மாடியில் காயும் துணி, தார்ப்பாய்க் கூரை, கீழே நிற்கும் பைக், எதில் விழும் என்று சொல்ல முடியாது. காசிமேட்டுப் பக்கம் வலையும் ஃபைபர் படகும் இருக்கும் இடத்திலோ, எண்ணெய்க் கிடங்குகளின் மதிலை ஒட்டியோ எந்தப் பொறியும் கூடாது.

மாடியில் செய்ய வேண்டியவை சில. கொடியில் கிடக்கும் துணியை எடுத்துவிடுங்கள். ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல். எரிந்து முடிந்த கம்பி நிறம் மாறிக் குளிர்ந்ததுபோல் தெரிந்தாலும் சுடும். நேராகத் தண்ணீருக்குள் போக வேண்டும். மாடியில் வெறுங்காலில் ஓடும் பிள்ளைகளுக்கு இந்தக் கம்பியால் காயம் படும். பருத்தித் துணி, காலில் செருப்பு. புஸ்வாணத்தைச் சமதரையில் வைத்து, நீண்ட ஊதுவத்தியால் பக்கவாட்டிலிருந்து பற்றவைத்து நகருங்கள், முகம் அதன் மேல் வரக் கூடாது. கேமரா மூன்று மீட்டருக்கு உள்ளே வேண்டாம், நெருக்கம் தேவையென்றால் ஜூம் செய்யுங்கள். பற்றாத புஸ்வாணத்தைக் குனிந்து பார்க்காதீர்கள். அரை மணி நேரம் விட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். சுட்டுவிட்டால் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓடட்டும். பேஸ்ட், மை, ஐஸ் எதுவும் வேண்டாம்.

எடிட்டுக்கு வருவோம். ரா (RAW) கோப்பாக, அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் வடிவில் எடுத்திருந்தால் ஹைலைட்டை (மிக வெளிச்சமான பகுதியை) இறக்குங்கள், கறுப்பைக் கொஞ்சம் ஆழமாக்குங்கள், கெல்வினை 5000க்கும் 6000க்கும் நடுவே நகர்த்திப் பாருங்கள். நிறத்தின் அடர்த்தியைக் கூட்டும் சாச்சுரேஷனைத் தொட வேண்டாம். அதைக் கூட்டினால் பொன்னிறம் ஆரஞ்சு மிட்டாயாகிவிடும், புகையும் சேர்ந்து மஞ்சளாகும். திரையில் படம் கொஞ்சம் இருட்டாகத் தெரிகிறதே என்று மொத்தமாக எக்ஸ்போஷரை ஏற்றாதீர்கள். நிழலை மட்டும் தூக்கினால் முகம் வந்துவிடும், பொறி இருந்த இடத்தில் இருக்கும்.